பவுடர் பூசிய என்ஜின்

"எல்லாத்தையும் மாத்திட்டனுங்க மேஸ்திரி. இன்னும் ஒழுகுது."

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து திருமூர்த்தி சொன்னார். நெற்றியெல்லாம் ஆயில்.

பொள்ளாச்சியில் பழைய கார்களை மட்டும் பார்க்கும் பட்டறை அது. மேஸ்திரி அற்புதமேரி அவரைவிட வயதில் சின்னவள். திருமூர்த்தி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் அவளிடம் தொழில் கற்க வந்தார். வந்த நாளிலிருந்து அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

கறுப்புக் கார். அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே ரோட்டில் ஓடியது. என்ஜினுக்கு அடியில், பின்பக்கமாக ஆயில் சொட்டியது.

என்ஜினை இறக்கி, ஆயில் கசியாமல் தடுக்கும் பின்பக்க சீல் வளையத்தை மாற்றினார். சொட்டியது.

அடியிலிருக்கும் ஆயில் தொட்டியின் கேஸ்கட்டை மாற்றினார். சொட்டியது.

திரும்பவும் இறக்கி, வேறு கடையில் வாங்கிய சீல் வளையத்தைப் போட்டார். அப்போதும் சொட்டியது.

"எங்கிருந்து ஒழுகுது?" மேரி கேட்டாள்.

"அடியிலதானுங்க."

"பாத்தீங்களா?"

"சொட்டறது தெரியுதுங்களே."

மண்ணெண்ணெய் டப்பாவையும் பிரஷ்ஷையும் அவர் கையில் கொடுத்தாள்.

"என்ஜினைக் கழுவுங்க."

அவர் பிரஷ்ஷை நனைக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. அப்பா.

"கீரையில உப்புக் கரிக்குதுடா. வாயில வெக்க முடியல."

"வர்றனுங்கப்பா. வேற வாங்கிட்டு வர்றேன்."

போனை வைத்துவிட்டு மேரியைப் பார்த்தார்.

"நேத்து சோறு வேகலைன்னாரு. அதுக்கு முந்தி ரசம் புளிச்சுதாம். மெஸ்ஸ மாத்திப் பாத்தேன். சமையலுக்கு ஒரு அம்மாவ வெச்சுப் பாத்தேன். எதுவும் ஆகலீங்க. தெனமும் மத்தியானம் இதே போனு. ஓடிப்போயி வேறொண்ணு வாங்கிக் குடுத்துட்டு, அப்படியே ஓடியாரேன்."

திருமூர்த்தியின் மனைவி இறந்தபின் வீட்டில் அப்பாவும் மகனும் மட்டும்தான்.



"ஞாயித்துக்கெழம அப்பாவ ஒரு முதியோர் இல்லத்துல சேத்தறலாம்னு இருக்கறனுங்க. பேசிட்டேன்."

சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.



"கழுவிட்டுப் போலாங்கண்ணா," என்றாள் மேரி.

கழுவினார். வருஷக்கணக்கில் படிந்த கசடு கரைந்து வழிந்தது. அடியில் இளம்பச்சை பெயிண்ட் தெரிந்தது. இந்த என்ஜின் பச்சை நிறம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். பழைய துணியால் மூலை மூலையாகத் துடைத்தார்.

மேரி எதிர்க்கடைக்குப் போய் ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்தாள். முகத்துக்குப் போடுகிற பவுடர். உள்ளங்கையில் கொட்டி, என்ஜின்மேல் மெல்ல ஊதினாள். முன்னால், பின்னால், பக்கவாட்டில். குளித்து வந்த குழந்தைக்குப் போடுவதைப் போல எல்லா இடமும் வெளுக்கும்வரை ஊதினாள்.

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொட்டு வெக்கலீங்களா?"

"ஸ்டார்ட் பண்ணுங்க."

என்ஜின் ஓடியது. அவர் கை தானாக ஸ்பானரை எடுத்தது. மேரி அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பாருங்க."

"எதைப் பாக்கறதுங்க?"

"அது காட்டும்."

பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். என்ஜின் சூடேறியது. வெள்ளைப் பவுடர் அப்படியே இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது.

பிறகு, என்ஜினின் உச்சியில், மேல்மூடியின் பின்மூலையில் பவுடர் லேசாகக் கறுத்தது. கறுப்பு ஒரு கோடாக நீண்டது. எறும்பு ஊர்வதுபோல என்ஜினின் முதுகுப் பக்கமாகவே இறங்கி, அவர் மாற்றி மாற்றி சீல் போட்ட இடத்தில் வந்து நின்றது. அங்கிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

அவர் விரலால் அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே தொடாமல் தொடர்ந்தார்.

"அப்ப அடியில என்ன கோளாறுங்க மேஸ்திரி?"

"அடியில ஒண்ணுமில்லீங்கண்ணா. ஆயில் அங்க வந்துதான் சொட்டுது."

அவர் என்ஜினை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூடிக்கு கேஸ்கட்டு நான் வெட்டிக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"இதோ, குடுத்துட்டு வந்தர்றனுங்க."

"மெதுவா வாங்க," என்றாள் மேரி.

வழியில் மெஸ் வந்தது. அவர் வண்டியை நிறுத்தவில்லை.

அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிப்போயிருந்தது.

"வேற வாங்கியாந்தியா?"

"இல்லீங்கப்பா."

கை கழுவினார். தனக்கொரு தட்டு எடுத்துவந்து எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. சோறு போட்டுக் கீரையைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

உப்பு சரியாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

அப்பா அவரையே பார்த்தார்.

"பட்டறைக்குப் போகலியா?"

"மேஸ்திரி பாத்துக்குவாங்க."

அப்பா குனிந்து, தன் தட்டில் கீரையைப் போட்டுப் பிசைய ஆரம்பித்தார்.

"அந்தக் கறுப்புக் காரு என்னாச்சு?"

திருமூர்த்தி பவுடர் பூசிய கதையைச் சொன்னார். அப்பாவுக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். அம்மாவை முதன்முதலாக டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனதைச் சொன்னார். திருமூர்த்தி கேள்விப்படாத கதை. குறுக்கே எதுவும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவர் தட்டும் காலியானது. அப்பா கை கழுவ எழவில்லை. விரல்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"நாளைக்கும் வருவியா?" என்று கேட்டார்.