கல் கட்டாத புடலங்காய்க்கு ரெண்டு கையெழுத்து

அர்த்தநாரி வாயைத் திறந்தால் எங்கள் உழவர் சந்தையில் தராசு முள்ளே தடுமாறும். அன்றைக்கு வெயில் ஏறி, வாங்க வந்தவர்கள் கலைந்த நேரம் பார்த்து ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தான். ஒரு பக்கம் நான், தேங்காய்க் கடை சென்னியப்பன். இன்னொரு பக்கம் கீரைக் கடை பாவாயி அக்கா.

"என்னோட புடலங்காயைப் புது ரகம்னு பதிவு பண்ணி உரிமை வாங்கப் போறேங்க்கா. அது கெடச்சிட்டா என்னைக் கேக்காம ஒருத்தன் அந்த வெதைய விக்க முடியாது. செடியைக் கண்ணால பாத்தோம்னு ரெண்டு விவசாயிங்க கையெழுத்துப் போடோணும். இன்னைக்கே தபால்ல சேக்கலைன்னா எல்லாம் போச்சு. சென்னியப்பன் போடறேன்னுட்டான்."

"நான் எப்படா சொன்னேன்?"

"மனசுக்குள்ள சொன்னே மாப்ள. எனக்குக் கேட்டுது."

"அப்படி என்ன புதுசு அந்தக் காயில?" என்றார் அக்கா, கீரைக்குத் தண்ணீர் தெளித்தபடி.

"புடலங்காய் கோணாம இருக்க எல்லாரும் நுனியில கல்லைக் கட்டுவோமில்லீங்க? என்னுதுக்குக் கல்லே வேண்டாம். அத்தனை நேரா வளரும். பக்கத்துல வீடு கட்டற கொத்தனாரு தூக்குக்குண்டைக் கடாசிட்டாரு. என் காயைத் தொங்கவிட்டுத்தான் செவுரு எழுப்பறாரு."

"செவுத்துல பூப் பூக்குமாட்ட இருக்குது."

"பூக்குதுங்க்கா! அதனாலதான் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கலை."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"சிரி, சிரி. பதிவு பண்ணோணும்னா எல்லாச் செடியும் ஒண்ணுபோல இருக்கோணும்னு சட்டம். என்னுது எப்படித் தெரியுமா? ஒரு செடியில எலையைக் கிள்ளினேன். நாப்பது செடியிலயும் அதே எலை உளுந்திருச்சு. ஒண்ணுக்குத் தண்ணி விட்டாப் போதும், அத்தனைக்கும் தாகம் தீந்திரும். ஆனா ரோதனையும் இருக்குது. ஒரு காயைப் பறிச்சா நாப்பதும் கூடவே வந்திருது. அரைக் கிலோ கேட்டவருக்கு வண்டி வெச்சு அனுப்பினேன்."

"அதிகாரிங்க வந்து பாக்க மாட்டாங்களா?" என்றேன்.

"வந்தாரே! போன வாரம் டேப்பு எடுத்துட்டு ஒருத்தர் வந்தாரு. காம்புல புடிச்சு அளக்க ஆரம்பிச்சாரு. அளக்க அளக்க நுனி பந்தலை விட்டு எறங்கி, நேரா கெழக்க ஓடுது. மனுசன் செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுட்டுப் பின்னாலயே ஓடினாரு. மத்தியானம் போன் பண்றாரு. 'பெருந்துறை தாண்டிட்டேங்க, காய் இன்னும் முடியலை, சோத்துக்கு என்ன பண்றது?' அப்படீங்கறாரு. பக்கத்துல ஓடற காயிலயே ஒரு துண்டு நறுக்கிக் கூட்டு வெச்சுக்கங்கன்னு சொன்னேன்."

"நறுக்கினாரா?"

"நறுக்கின எடத்துல ரெண்டாக் கிளைச்சிருச்சு. இப்ப இன்னொரு அதிகாரியை அனுப்பி இருக்காங்க."

பாவாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அர்த்தநாரியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"இத்தனை வருசமா அடுத்தவன் பேரு போட்ட பாக்கெட்டைத்தானுங்க பிரிச்சுப் பிரிச்சு வெதைக்கிறேன். ஒருக்காவாச்சும் எம் பேரு அதுல வரோணும்னு ஆசையா இருக்குதுங்க்கா."

அதில் மட்டும் புளுகு இல்லை. எனக்கே பாவமாகப் போய்விட்டது. அக்காவும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். படிவத்தை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர், பாதியில் நின்றார்.

"வெதைச்ச தேதின்னு ஒரு கட்டம் காலியாக் கெடக்குதே தம்பி?"

அர்த்தநாரி அந்தக் கட்டத்தை விரலால் மறைத்தான். "இன்னும் வெதைக்கலைங்க்கா."

"என்னது?"

"உரிமை வர்றதுக்கு முன்னால வெதைச்சா, பாத்துட்டு எவனாச்சும் திருடிருவானில்லீங்க? காகிதம் கைக்கு வரட்டும். அடுத்த நாளே வெதைச்சிர்றேன்."

அக்கா பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினார்.

"அப்பக் கையெழுத்தையும் காய் பறிக்கறப்ப வாங்கிக்கங்க."