மாடி கூடாது என்ற மகாராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, கடலோரத்து அலைப்பட்டினத்தை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர் பக்கம் சாயும் புத்தி.

கப்பல் வியாபாரம் பெருகவே, நாலா திசையிலிருந்தும் சனம் பிழைக்க வந்தது. இடம் போதாமல் வீட்டின் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். ஒருநாள் ராஜா உப்பரிகையில் உலாவும்போது, எதிர் மாடியில் மிளகாய் காயவைத்த ஒருத்தி, "கும்பிடுறேன் மகாராசா!" என்றாள், அவனுக்குச் சரிசமமாக நின்றபடி!

ராஜாவின் முகம் சுருங்கியது. அதே முகத்தோடு அவைக்கு வந்தான். அவையிலிருந்த சேனாதிராயருக்கு அது போதாதா? கோட்டைக்குள் பாதி வீடுகள் அவருடையவை. மாடிகள் முளைக்க முளைக்க வாடகை இறங்குகிறதே என்ற வயிற்றெரிச்சல் வேறு.

"அரசே, இன்று சமமாக நிற்பவர்கள் நாளை உங்கள் தலைக்கு மேல் நிற்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று இருக்கவே கூடாதென்று சட்டம் போடுங்கள்!"

"போட்டேன்!" என்றான் ராஜா. மந்திரி ஆராவமுது வாயைத் திறப்பதற்குள் பறை அறைந்தாகிவிட்டது.

மாடிகள் இடிந்தன. ராயரின் வாடகை ஏறியது. ஒருநாள் சந்தைப் பக்கம் போன மந்திரி, அரண்மனைச் சமையல்காரரின் மனைவி கைக்குழந்தையோடு ஒரு வண்டிக்கு அடியில் ஒண்டியிருப்பதைக் கண்டார்.

"ராயர் கேட்கிற வாடகைக்கு எங்களாலே ஆகலீங்க, ஐயா" என்றாள் அவள்.

மந்திரி அங்கே நிற்கவில்லை. நேரே ராஜாவிடம் போனார்.

"அரசே, இந்தச் சட்டத்தை அரண்மனையும் கடைப்பிடித்தால் ஊரே மெச்சுமே?"

"அதற்கென்ன, செய்யும்!" என்றான் ராஜா, பெருமையாக.

மறுநாள் காலை ராஜா கட்டிலைத் தேடினான். காணோம்! அவனுடைய மெத்தைகள் எல்லாம் தரையில் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றில்தான் அவன் கிடந்தான். கூடமெங்கும் நெல்மூட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. படியெல்லாம் பானைகள். ராஜா ஓர் எட்டு எடுத்து வைத்தான். கால் தயிர்ச்சட்டிக்குள் போனது.

"யோவ் ஆராவமுது! இதையெல்லாம் அடுக்கி வைத்தால் என்ன?"

"அடுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஆகிவிடுமே, அரசே. நாளைக்கு உப்பரிகையை இடிக்கவும் ஆள் சொல்லிவிட்டேன்."

"அப்புறம் நான் எங்கேயய்யா இருப்பது?"

"ஊரே அதைத்தான் கேட்கிறது, அரசே. ராயரிடம் வாடகைக்கு இடம் இருக்குமாம்."

ராஜா தயிர்க்காலோடு நின்று, சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த ராயரைப் பார்த்தான். ராயர் தூணைப் பார்த்தார். ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தான்.

சட்டம் அன்றே ஒழிந்தது. அண்டை வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் விட்டு, உறுதியாக எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டலாம் என்றாயிற்று. பரிசு என்ன வேண்டுமென்று ராஜா கேட்க, மந்திரி யானைக் கொட்டாரத்தை அடுத்த தரிசு நிலத்தைக் கேட்டு வாங்கினார். அங்கே எழும்பிய மாடி வீட்டில் சமையல்காரர் குடும்பம்தான் முதலில் பால் காய்ச்சியது.

ராயருக்கோ, அவர் வாடகைக்கு விட்ட அறைகளிலேயே ஆகச் சிறியதில் ஒரு வருஷம் குடியிருக்க உத்தரவு. பத்து நாள்கூடத் தாங்கவில்லை; வியர்க்க விறுவிறுக்க அவைக்கு ஓடி வந்தார்.

"அரசே, அந்த அறையில் ஒரு சன்னல்கூட இல்லை!"

"அடப்பாவமே! எந்த மடையனய்யா கட்டினான் அதை?" என்றான் ராஜா.