வால் தூக்கிக் காட்டும் மீன்

மீனும் பறவையும் நம்மைப் போலவே ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முழங்கால் ஆழத்துக் கடலில் ஒரு வெள்ளி மீன் இருந்தது. இன்றைக்கு உடம்பெல்லாம் பொடிமுள்ளாக இருக்கிறதே, அதே மீன்தான். அப்போது அதற்கு நடுமுள் ஒன்றைத் தவிர வேறு முள் கிடையாது. ஆளைக் கண்டால் ஓடவும் தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு வெகுளி.

அந்தக் கரையில் அரியமுத்து என்று ஒருவன். மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கை மீனை ஒருநாள் தெரியாமல் மிதித்துவிட்டான். அது வால்முள்ளால் போட்ட போட்டில் வலது கால் மரத்தே போய்விட்டது. இனிப் படகேற முடியாது. அந்தக் காலை இழுத்து இழுத்து, ஆழமில்லாத தண்ணீரிலேயே நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்தான்.

அவன் கால் சேற்றைக் கிளறக் கிளற, உள்ளே பதுங்கியிருந்த இறால் குஞ்சுகள் துள்ளிக்கொண்டு வெளியே வரும். வெள்ளி மீன் பின்னாலேயே வந்து அவற்றைத் தின்னும். சும்மா தின்னுமா? எங்கே திருக்கை படுத்திருக்கிறதோ அங்கே தலைகீழாக நின்று, வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டும். "அண்ணே, இந்தப் பக்கம் வந்துடாதே!" என்று அர்த்தம். அவன் விலகிப் போவான். இப்படியே பழகி இரண்டு பேரும் அண்ணன் தங்கையாகிவிட்டார்கள். அரியமுத்துவின் மனைவி உச்சிமாளிக்குப் பெண் பிறந்தபோது, "எனக்கு மருமக பிறந்திருக்கா!" என்று மீன் போட்ட ஆட்டத்தில் அந்தப் பக்கத்துத் தண்ணீரே கலங்கிப் போனதாம்.

பிள்ளை பிறந்த நேரம் பார்த்தா காற்று பிடித்துக்கொள்ள வேண்டும்? பதினைந்து நாள் ஓயவில்லை. நண்டும் இறாலும் ஆழத்துக்குப் போய்விட்டன. உச்சிமாளியின் வயிறு காய்ந்தது, பால் வற்றியது. பிள்ளை அழுது அழுது, கடைசியில் அழக்கூடச் சத்தில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தகப்பனால் சும்மா இருக்க முடியும்?

பதினாறாம் நாள் காலையில் காற்று கொஞ்சம் தணிந்தது. அரியமுத்து கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு நாரை பக்கத்தில் வந்து நின்றது.

"ஊரே பட்டினி கிடக்கு. உன் தங்கச்சி மட்டும் கொழுகொழுன்னு திரியறா. அவளைப் பிடிச்சுக் குழம்பு வச்சுக் கொடு, உன் பெண்டாட்டிக்குத் தானா பால் சுரக்கும்."

"சீ, வாயை மூடு!" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை. பாவம், அவனும் என்ன செய்வான்? மெதுவாகச் சொன்னான். "கூப்பிட்டா என் காலடிக்கே வந்துடுவா. கையில எடுத்தா அவ முகத்தைப் பார்க்கணுமே."

"பார்க்காம பிடி," என்றது நாரை. தன் மார்பிலிருந்து மெல்லிய இறகு ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தது. "தூண்டில் முள்ளுல இதைக் கட்டு. தண்ணியில விழுந்தா இறால் மாதிரியே நெளியும். தள்ளி நின்னு வீசு."

அரியமுத்து எலும்பு முள்ளில் இறகைக் கட்டினான். கற்றாழை நார்க் கயிற்றை மூங்கில் கழியில் முடிந்தான். காலை இழுத்தால் தங்கைக்குக் கேட்டுவிடும் என்று, மரத்த காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து, குனிந்தபடியே தண்ணீருக்குள் போனான். நிழல் பின்னால் விழும்படி சூரியனைப் பார்த்து நின்றான். எட்டத்தில் வெள்ளியாய் ஒரு மினுமினுப்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினான்.

கண்ணைத் திறந்தபோது, இறகுக்குப் பக்கத்திலேயே அவள் வால் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நின்றது. சத்தம் வராவிட்டாலும் அண்ணன் வருவது தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அங்கே திருக்கை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்துவிட்டு, எதிரே நெளிந்த இறாலை ஆசையாகக் கவ்வினாள்.

அவன் இழுத்துவிட்டான்.

கைக்கு வந்த மீன் உதட்டில் முள்ளோடு அவனைப் பார்த்தது. அது துள்ளவே இல்லை.

"வாலைத் தூக்கிக் காட்டினேனே அண்ணே, பார்க்கலையா?"

அரியமுத்து விம்மி விம்மி அழுதான். "பிள்ளைக்குப் பால் இல்ல தங்கச்சி. செத்துப் போயிடும்."

"அடப்பாவி! என் மருமக பசியில கிடக்கா, அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என்கிட்ட கேக்க உனக்கு என்ன கூச்சம்?"

அவன் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டான். அது அம்பாய்ப் பாய்ந்து ஓடியது. ரொம்ப தூரம் போய் நின்று, ஓரிடத்தில் தலைகீழாகி மறுபடியும் வாலைத் தூக்கியது. இந்தத் தடவை, "இங்கே வா அண்ணே!" என்று அர்த்தம். அவன் அங்கே போய்த் தோண்டிப் பார்த்தான். சேற்றுக்கு அடியில் மட்டிச் சிப்பிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அன்றைக்கு உச்சிமாளி மட்டிச் சாறு குடித்தாள். சாயங்காலம் பிள்ளை அவள் மார்பில் முட்டி முட்டிக் குடித்தது.

நடந்ததைக் கேட்டதும் உச்சிமாளி பொரிந்து தள்ளிவிட்டாள். "இறகைக் காட்டியா அவளை மோசம் பண்ணினே? நீயெல்லாம் ஒரு அண்ணனா? போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா!"

அவன் போவதற்குள், உதடு கிழிந்த மீன் கடலாத்தாவிடம் போய் நின்றிருந்தது. "அவனைத் தண்டிச்சுடாதே தாயே," என்றது. "நாளைக்கும் அவனுக்குப் பசி வரும். மறுபடி அவன் கை என் பக்கம் நீளாதபடி உடம்பெல்லாம் பொடிமுள்ளாக் கொடு. எங்க அண்ணன் இன்னொரு தடவை அந்தப் பாவத்தைச் செய்ய வேண்டாம்." கடலாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தாள்.

மறுநாள் காலை அரியமுத்து வெறுங்கையோடு தண்ணீரில் இறங்கி, "தங்கச்சி!" என்று கூப்பிட்டான். அவளும் ஆசையாகத்தான் வந்தாள். அவன் நிழல் மேலே பட்டதும், அவளையும் மீறி உடம்பு பதறித் திரும்பி ஓடியது. மனசு மன்னித்துவிட்டது, உடம்புக்குத்தான் மறக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு ஓடியவள் மனுசன் நிழலைக் கண்டால் இன்றைக்கும் ஓடுகிறாள். இறகு கட்டிய தூண்டிலில் அவளைப் பிடிக்கிறவனும் ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறான். ஆனாலும் சேற்றில் இரை தேடும்போதெல்லாம் அவள் வால் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது, அண்ணன் காலில் திருக்கை முள் குத்திவிடக் கூடாதே என்று.