வெள்ளிக்கிழமைக் கதவு

சிரிப்பு கடைசியில் வருகிறது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் கதவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மடம் குன்றின் மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மடத்துச் சாமியார் அய்யா தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். ஊர்க்காரர்கள் மேலே வந்து, வெளியே நின்று யோசனை கேட்பார்கள். உள்ளிருந்து பதில் வரும்.

“ஏன் அய்யா இப்படி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“முகத்தைப் பார்த்தால் அந்த முகத்துக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவேன்” என்றார்.

அடுத்தது நான், அய்யாவுக்கு எடுபிடி. பெயர் இசக்கிராசன், வயது பதினாறு. எந்தக் குரலும் எனக்கு வரும். மாவு மில் உலகநாதன் இருமினால் அப்படியே திருப்பி இருமுவேன். மனிதர் சுற்றிமுற்றித் தேடுவார். அய்யாவின் குரல் அதைவிடச் சுலபம். முதலில் ஒரு “ம்ம்”. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இரண்டு வார்த்தை.

போன வெள்ளிக்கிழமை அய்யா ஊற்றில் குளிக்கப் பின்வாசல் வழியாகப் போனார். நான் உள்ளே நுழைந்து முன்கதவைத் தாழிட்டேன். யாராவது வரட்டும், ஒரு மண்டலம் பாகற்காய் மட்டும் சாப்பிடச் சொல்லலாம் என்று எண்ணம்.

தவசி வந்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். தாய் தகப்பன் இல்லாமல் மடத்திலேயே வளர்ந்தவன்.

“அய்யா, இருக்கீங்களா?”

“ம்ம்.”

“பூரணிக்கு மாப்பிள்ளை பார்த்துட்டாங்கய்யா. அவ அத்தை மகன். ஞாயித்துக்கிழமை நிச்சயம்.”

பூரணி உலகநாதனின் மூத்த மகள். தவசி மாவு அரைக்கப் போனால் அரைநாள் கழித்துத்தான் திரும்புவான் என்பது மடத்துப் பூனைக்கும் தெரியும். பாகற்காய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“மத்தியான பஸ்ல அவளைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். நான் கூப்பிட்டா வந்துடுவா. போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொன்னா சரி.”

அய்யா எந்த நேரமும் திரும்பிவிடுவார். இவனை அனுப்பியாக வேண்டும். தவிர, இந்த மாதிரி இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன!

“ம்ம். போ.”

வெளியே தவசி அழுதான் என்று நினைக்கிறேன். படிகளில் தடதடவென்று இறங்கினான்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அவனைக் கூப்பிட்டுவிடலாமா? எந்தக் குரலில் கூப்பிடுவது?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்வாசல் வழியாக நழுவ எழுந்தேன். அதற்குள் முன்கதவு அதிர்ந்தது.

“சாமி!” உலகநாதன். அந்த இருமலில் சந்தேகமே இல்லை. “அந்தப் பயலைப் போகச் சொன்னது நீங்கதானாமே?”

அவ்வளவு சீக்கிரம் மனிதர் எப்படிக் குன்று ஏறினார் என்று யோசித்திருக்க வேண்டும். பயத்தில் அதெல்லாம் எங்கே தோன்றும்?

“ம்ம்” என்றேன். பாதியில் கிறீச்சிட்டது.

“மில்லுல தலை நிமிர்ந்து நிக்க முடியுமா இனி? என் அக்கா வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவேன்? நீங்க வந்து சொல்லுங்க. வாங்க வெளியே!”

நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.

“அவர் கிடக்கார், சாமி.” இப்போது பூரணியின் அம்மா சரசம்மாள். மூக்கை உறிஞ்சினாள். “அவளுக்கு எதுவும் ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்க. போட்டிருந்த செருப்புகூட வார் அறுந்தது, சாமி. ராத்திரி எங்க தங்குவா? அவன் வச்சுக் காப்பாத்துவானா?”

அவன் கையில் என்ன இருக்கிறது? மடத்துச் சோறும் இரண்டு வேட்டியும். நான் கேட்கவே இல்லையே.

“தாத்தா.” மூன்றாவது குரல் மெல்லியது. பூரணியின் தங்கை மல்லிகா, எட்டாம் வகுப்பு. “அக்கா போயிட்டதால, நாளையிலேர்ந்து நான் பள்ளிக்கூடம் போகக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. நான் என்ன தப்பு பண்ணேன்?”

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. கடைசியில் என் குரலே வந்தது. “அவனை நிறுத்துங்க! யாராவது ஓடிப்போய் நிறுத்துங்க! நான் அய்யா இல்லை!”

பதில் இல்லை. மூன்று பேரும் போய்விட்டார்களா? குனிந்து கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மூன்று பேர் இல்லை. ஒரே ஒரு சோடிக் கால்கள். ஈரக் கால்கள். இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. ஆட்டுக்கல் விழுந்து கறுத்த நகம். தினமும் ராத்திரி நான் பிடித்துவிடுகிற கால்.

அந்தக் காலுக்கு மேலேயிருந்து சரசம்மாள் மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள்.

தாழைத் திறந்தேன். அய்யா தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

“அய்யா... உங்களுக்கும் வருமா?”

“வருஷக்கணக்கா இந்தக் கதவுக்குப் பின்னாடி வேற என்ன கேட்கிறேன்? குரல்தானே” என்றார். உலகநாதன் போலவே ஒரு தடவை இருமினார்.

சிரிப்பு இங்கேதான் வரும் என்று சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

“தவசி எங்கே அய்யா? பஸ் போயிடுச்சே.”

“ஊத்துலேர்ந்து வரும்போது படியில எதிரே வந்தான். ‘உள்ளேயிருந்து போன்னு சொன்னீங்களே, அதுக்குள்ள எப்படி இங்கே?’ன்னு முழிச்சான். அங்கேயே கொஞ்சம் என் பக்கத்துல உட்காரச் சொன்னேன். இந்த மூணு குரலையும் அவன்கிட்டயும் பேசிக் காட்டினேன்.”

“அப்போ வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?”

“இல்லையே.”

“போகச் சொன்னீங்களா?”

“அதுவும் இல்லை.”

“அப்படின்னா பூரணி குரல்ல பேசிக் காட்டினீங்களா?”

அய்யா துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்.

“அது எனக்கு வரலைப்பா. அவ இந்தக் கதவுக்கு வந்ததே இல்லை. தவசியைக் கேட்டேன், அவ என்ன சொன்னான்னு. அவனுக்கும் தெரியலை. கேட்டுட்டு வரப் போயிருக்கான்.”