அரக்கில் விழுந்த தடம்

சிங்காநல்லூர் ஃபவுண்டரி ஒன்றில் பூவாத்தாள் பூசும் அரக்கில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். மண்ணில் பதித்து வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரியான பேட்டர்ன் அப்படி வழவழவென்று இருந்தால்தான் அச்சு மண் ஒட்டாமல் பிரியும். மேனேஜர் வெங்கிடுபதிக்கோ எதையும் தேங்காயைத் தட்டுவதுபோல மோதிரக் கையால் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பூச்சு காயுமுன்னே தட்டுவார், பள்ளம் விழும், அவளையே திட்டுவார்.

பம்ப் மூடிக்கான பேட்டர்னிலும் அதே கூத்துதான். அவள் பூசப் பூச, அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "போதும், அப்படியே அனுப்பு! வார்ப்பு கெட்டால் உன் சீட்டு கிழிஞ்சுது!" என்று கத்தினார்.

"சரிங்க சார்" என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

அந்த அச்சில் வார்த்த இரும்பு மூடி வந்தது. நட்டநடுவில் சதுரமாக ஒரு பள்ளம்.

"பாருங்க இவ வேலை லட்சணத்தை!" என்று முதலாளி முன்னால் குதித்தார் மேனேஜர்.

"ஏனுங்க சார், உங்க மோதிரத்தை அதுல கவுத்து வச்சுப் பாருங்களேன்" என்றாள் பூவாத்தாள்.

முதலாளியே வாங்கி வைத்தார். சதுரக் கல் கச்சிதமாக உட்கார்ந்தது.

"எம் பூச்சுல மண்ணு ஒட்டாதுங்க முதலாளி. பொய்யும் ஒட்டாதுங்க" என்றாள், தலை நிமிர்ந்து.

இப்போதெல்லாம் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருகிறார்.