அகப்பையில் ஏறிய கலவா

"அந்த மீன் உன் படகில் இருந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்!"

"இருந்துச்சுங்க, ஆனா அது..."

"இருந்தது! கேட்டுக்கொண்டீர்களா அரசே? அவள் வாயாலேயே..."

"முழுசாச் சொல்ல விடுங்களேன் ஐயா! நாக்குமீனுக்குத்தான் வலையை இறக்கினோம். நடுவுல அதுவா வந்து ஏறினா..."

"ஏறியது ஏறியதுதான்! சட்டத்தில் நடுவில் என்றும் ஓரத்தில் என்றும் கிடையாது!"

"அந்தச் சட்டத்தைக் கலவா மீன்கிட்ட யாரு போய்ப் படிச்சுக் காட்டினீங்க?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதோடு போயிற்று, அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது.

ராஜா ஒருவர் இருந்தார், அவருக்குக் கடற்கரை ஒன்று இருந்தது, அவ்வளவுதான் தெரியும். எந்த நாடு, எத்தனை காலத்துக்கு முன்னால் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சண்டை மட்டும் காதில் நன்றாக விழுகிறது. கத்தியவர் துறையதிகாரி வேதாசலம். படகு, வலை, மீன் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. எதிரே நின்று கத்தியவள் குப்பத்துக்காரி நீலவடிவு. அவள் புருஷன் கடம்பன் கொட்டடியில் கிடந்தான். அவர்கள் படகும் வலையும் காவலில் இருந்தன. மறுநாள் உச்சிப்பொழுதில் இரண்டையும் கரையிலேயே வைத்துக் கொளுத்த வேண்டும் என்பது அதிகாரியின் தீர்ப்பு. படகு போனால் அந்தக் குடும்பத்துக்குச் சோறு இல்லை. அதனால்தான் அவள் அரசர் முன்னால் வந்து அப்படித் தொண்டை கிழியக் கத்தினாள்.

இதெல்லாம் ஒரு மீன்தலையில் ஆரம்பித்த வினை. அதற்கு முந்தின வருடம் ஒரு நாள் அரசர் சாப்பிட இலைமுன் உட்கார்ந்தார்.

"அழகரே, இது என்ன?"

"கலவாத் தலைக் குழம்பு, அரசே," என்றார் சமையற்காரர்.

"தலையா? எலுமிச்சங்காய் மாதிரி இருக்கிறதே!"

"இப்போதெல்லாம் இந்த அளவில்தான் கிடைக்கிறது அரசே. பெரிசாக இருந்ததையெல்லாம் பிடித்தாகிவிட்டது. கடலடி காலியாகிக்கொண்டு வருகிறது என்று குப்பத்தில் பேசிக்கொள்கிறார்கள்."

"காலியாவதா? என் காலத்திலா? கூப்பிடுங்கள் வேதாசலத்தை! கடலடியில் வாழும் மீன்களில் வருடத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைக்கச் சொல்லுங்கள்!"

நல்ல உத்தரவுதான். கோபத்தில் போட்டாலும் நல்லது நல்லதுதானே. குப்பத்திலும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் விதிகளை எழுத உட்கார்ந்தவர் வேதாசலம். நாக்குமீனுக்கு ஓர் அளவு, திருக்கைக்கு ஓர் அளவு, கலவாவுக்கு எல்லாவற்றிலும் சிறிய அளவு என்று தனித்தனியாக வைத்தார். ஒரு மீனின் அளவு முடிந்த பிறகு அந்த மீன் எந்தப் படகில் இருந்தாலும் படகுக்கும் வலைக்கும் தீ. ஏறிவிட்டால் உடனே கடலில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். கலவாவின் அளவு ஆடி மாதமே முடிந்துபோயிற்று. நாக்குமீனுக்குப் பாதிக்கு மேல் பாக்கி. ஆகவே படகுகள் நாக்குமீனுக்குப் போயின. வலை அடியைத் தொட்டால் அங்கே யார் யார் இருக்கிறார்களோ எல்லோரும் வருவார்கள், இல்லையா? வந்தார்கள்.

சரி, சபைக்குப் போவோம்.

"பெண்ணே, திருப்பிப் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லையே?" என்று கேட்டார் அரசர்.

"போட்டோம் மகாராசா. ஆழத்துலேருந்து மேல வர்றப்பவே அதுக்கு வயிறு ஊதிரும், கண்ணு பிதுங்கிரும். செத்த மீனைப் போட்டா அது எங்க நீந்தும்? மிதந்துச்சு. எங்களுக்கும் இல்ல, கடலுக்கும் இல்ல. பின்னாலயே அதிகாரி ஐயாவோட ஆளுங்க படகு வந்துச்சு. மிதந்ததை அள்ளிக்கிட்டு, இது சாட்சின்னாங்க."

"அளவே வேண்டாம் என்கிறாயா?"

"ஐயோ, இல்ல மகாராசா! அளவு வேணும்னு குப்பத்துல முதல்ல கத்தினவளே நான்தான். பெரிய கலவாவைப் பார்த்து எத்தனை நாளாச்சு! அளவு வேணும். இந்த மாதிரி அளவுதான் வேண்டாம்."

வேதாசலம் உத்தரீயத்தை இழுத்து விட்டுக்கொண்டார். "அரசே, இவர்களுக்குக் கவனம் போதாது. அதுதான் விஷயம். கவனமாக அள்ளினால் கலவா வராது."

தூணோரத்தில் ஒருவன் மறுபடியும் களுக்கென்றான். முதலில் சிரித்தவனும் அவன்தான். விகடகவி பூதலிங்கம். வேதாசலத்துக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தாம் பேசும்போது அரசர் கொட்டாவி விடுகிறார், இந்தப் பயல் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருகிறார் என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு. இன்று வசமாகக் கிடைத்தான் என்று நினைத்தார்.

"அரசே, பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பவனே செய்து காட்டட்டும். நாளை உச்சிக்குள் ஒரு கலவாகூட ஏறாமல் நாக்குமீனை மட்டும் அள்ளிக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் இவள் சொன்னது பொய், படகைக் கொளுத்திவிடலாம். கலவா ஏறிவிட்டால் சட்டத்தை மீறியவன் பூதலிங்கம். அவனை நாட்டை விட்டே அனுப்பிவிடலாம்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! வென்றால் அவள் போச்சு, தோற்றால் இவன் போச்சு.

நீலவடிவு அவன் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஒத்துக்காதீங்க ஐயா!"

"சம்மதம் அரசே," என்றான் பூதலிங்கம்.

"அட பாவி மனுசா!" என்றாள் அவள்.

"ஒரே ஒரு குறை, அரசே. எனக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறினாலே குமட்டும். நான் கடலுக்குப் போவதற்குப் பதில் கடலடியை இங்கே கொண்டுவந்துவிடட்டுமா?"

"கடலடியையா? எதில் கொண்டுவருவாய்?"

"பானையில்."

சபையே சிரித்தது. வேதாசலம் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். "கொண்டுவரட்டும் அரசே, தாராளமாகக் கொண்டுவரட்டும்!"

மறுநாள் உச்சிவேளை. சபையார் சுற்றி நிற்க, அரசர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். இலையில் வெறும் சோறு ஆவி பறந்தது. எதிரே ஒரு மண்பானை. வாய் குறுகலாக, வயிறு பெருத்து, கழுத்து வரைக்கும் கெட்டியான சிவந்த மீன்குழம்பு. பக்கத்தில் நீளக் காம்பு போட்ட சிரட்டை அகப்பை. அடுப்பும் அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. நீலவடிவு வாசற்படியோரம் நின்றாள். கரையில் படகைச் சுற்றி விறகு அடுக்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண் பானையில் இல்லை, வெளியே வெயிலில் இருந்தது.

"அரசே, இது கடல்," என்றான் பூதலிங்கம். "இது வலை. தங்கள் இலைதான் கரை. அடியில் நாக்குமீன், திருக்கை, கலவா மூன்றும் கிடக்கின்றன. நாக்குமீனுக்கு அளவு பாக்கி இருக்கிறது. கலவாவுக்கு முடிந்துவிட்டது. நாக்குமீனை அள்ள வேண்டும், கலவா ஏறக்கூடாது. சரிதானே?"

"சரி. அள்ளு. பசிக்கிறது."

பூதலிங்கம் அகப்பையை எடுத்தான். அகப்பை பானை வாயில் டொக் டொக்கென்று இடித்தது.

"என்னப்பா?"

"பயம், அரசே. எனக்கு அவ்வளவு கவனம் போதாது. இந்த நாட்டிலேயே கவனம் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் அள்ளட்டும். கலவா ஏறினால் பழி என்மேலேயே இருக்கட்டும். நாட்டை விட்டு நான்தான் போகிறேன்."

"பழி உன்மேல்தானே? நல்லது. வேதாசலம், அள்ளும்!"

வேதாசலத்துக்கு இதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டே வாங்கினார். உள்ளே விட்டார், துழாவினார், தூக்கினார். வெள்ளையாக, தடித்த தோலோடு ஒரு துண்டு.

"அழகரே, இது என்ன?"

"கலவா, அரசே."

"திருப்பிப் போடுங்கள் அதிகாரி ஐயா," என்றான் பூதலிங்கம் பணிவாக. "உடனே போட்டுவிட வேண்டும் என்பது விதி."

போட்டார். விழுந்த வேகத்தில் துண்டு இரண்டாகப் பிளந்தது. மறுபடி அள்ளினார். திருக்கை ஒன்று, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு பாதிக் கலவா. போட்டார். அடுத்ததில் நாக்குமீன் ஏறியது. அவர் முகம் மலர்ந்தது.

"இதோ அரசே!"

"கீழே பாருங்கள் ஐயா, நாக்குமீனுக்கு அடியில்."

கலவாத் துணுக்கு!

"இது துணுக்குதானே!"

"ஏறினது ஏறினதுதான்!" என்று வாசற்படியிலிருந்து நீலவடிவின் குரல் வந்தது.

வேதாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "பானைக்குள் ஒன்றும் தெரியவில்லை அரசே! ஒரே இருட்டு!"

"ஆமாங்க, கடலுக்குள்ள மட்டும் எங்களுக்குக் குத்துவிளக்கு ஏத்தி வச்சிருக்கு!" என்றாள் அவள்.

அள்ள அள்ள, போடப் போட, கலவா முழுவதும் நொறுங்கிக் குழம்போடு கலந்துவிட்டது. இப்போது எதை அள்ளினாலும் அதில் கலவா இருந்தது. அரசர் இலையில் சோறு ஆறிப்போயிற்று.

"அடப்பாவி, நல்ல குழம்பை நாசம் பண்ணிவிட்டீரே! எனக்கும் கிடைக்கவில்லை, பானையிலும் இல்லை!"

"இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது அரசே," என்றான் பூதலிங்கம். "குற்றம் செய்த வலை." வேதாசலத்தின் கையிலிருந்து அகப்பையை மெதுவாக வாங்கினான். அடுப்பில் வைத்தான். சிரட்டை சடசடவென்று பற்றிக்கொண்டது. "அடுத்தது படகு. அள்ளிய கையைத்தான் படகு என்று சொல்ல வேண்டும். அதிகாரி ஐயா, கையை இப்படி நீட்டுகிறீர்களா?"

வேதாசலம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அரசே, இது சூழ்ச்சி! இவன் கலவாவை மட்டும் அதிகமாகப் போட்டிருக்கிறான்!"

"மூன்றும் சமமாகத்தான் போட்டேன் ஐயா," என்றார் அழகர்.

அரசர் சட்டென்று நிமிர்ந்தார். "பொறுங்கள். கலவாவுக்கு அளவு முடிந்துவிட்டது. ஆடியிலிருந்து என் இலையிலேயே கலவா கிடையாது. இந்தப் பானைக்கு எங்கிருந்து வந்தது?"

வேதாசலத்துக்கும் இந்தக் கேள்வி பிடித்துப் போயிற்று. "அப்படிக் கேளுங்கள் அரசே! சொல்லடா, எங்கே திருடினாய்?"

"திருடவில்லை ஐயா, கேட்டு வாங்கினேன். காலையில் தங்கள் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். 'அம்மா, அரசருக்குக் குழம்பு வைக்க வேண்டும், எங்குமே கலவா கிடைக்கவில்லை' என்றேன். 'கிடைக்காமல் என்ன? சாட்சி என்று சொல்லி இவர் தினமும் கொண்டுவந்து போடுகிறார். தின்று தின்று வீட்டில் யாருக்கும் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. உள்ளதையெல்லாம் எடுத்துப் போங்கள், புண்ணியமாகப் போகும்' என்று அம்மாள் கூடையோடு தூக்கிக் கொடுத்தார். மகராசி!"

வேதாசலம் ஓர் அடி பின்னுக்கு வைத்தார்.

அரசர் அவரைப் பார்த்தார், எரிகிற அகப்பையைப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளைப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது. கோபம் என்று எல்லோரும் நடுங்கினார்கள். கோபம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இலையில் தலை கவிழும்படி சிரித்தார். "அள்ளிய கை படகாம்! நீட்டச் சொல்கிறான்! ஐயோ!"

சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரங்கே! கரைக்கு ஓடுங்கள், விறகைப் பிரியுங்கள். கடம்பனை விடுங்கள், படகையும் வலையையும் அவன் கையில் ஒப்படையுங்கள். பெண்ணே, இங்கே வா. இந்த மாதிரி அளவு வேண்டாம் என்றாய். வேறு எந்த மாதிரி?"

நீலவடிவு முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"வலையில ஏறினது எல்லாத்தையும் கரைக்குக் கொண்டாரச் சொல்லுங்க மகாராசா. செத்தது செத்ததுதான். அதையும் அளவுல சேருங்க, மறைச்சுக் கடல்ல போட வேண்டாம். கலவாவோட அளவு முடிஞ்சா கடலடியில யாரும் வலையே இறக்கக்கூடாது, நாக்குமீனுக்கும் சேத்துத்தான். வலைக்கண்ணைப் பெரிசாக்கச் சொல்லுங்க, குஞ்சு தப்பிச்சுப் போகட்டும். கலவா முட்டை போடுற பாறைமேட்டுப் பக்கம் அந்த மாசத்துல ஒருத்தரும் எட்டிப் பார்க்கக்கூடாது, எங்க வீட்டு ஆளா இருந்தாலும்."

"நாக்குமீனுக்கு அளவு பாக்கி இருந்தாலும் நிறுத்துவீர்களா?"

"நிறுத்தணும். கஷ்டந்தான். எல்லாரும் நிறுத்தினா நாங்களும் நிறுத்துவோம்."

"இனி அதுவே விதி!" என்றார் அரசர். "வேதாசலம், நீர் இந்த வருடம் முழுவதும் கடம்பன் படகில் போய் வாரும். வலை ஏறும்போது பக்கத்தில் நின்று, 'கலவாவே, நீ வராதே' என்று கவனமாகச் சொல்லும்."

"அரசே, எனக்கும் நீந்தத் தெரியாது..."

"குமட்டினா ஓரமா உட்காருங்க ஐயா, நாங்க பாத்துக்கிறோம்," என்றாள் நீலவடிவு.

அரசர் தம் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துப் பூதலிங்கத்துக்குப் போர்த்தினார். விரலில் இருந்த மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். நாட்டை விட்டுப் போக வேண்டியவன் சால்வை தரையில் புரள நின்றான். கையில் எதைப் பிடிப்பது, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். சபையில் கை தட்டினார்கள். வயிற்றெரிச்சல்காரர்களும் தட்டினார்கள், வேறு வழி?

நீலவடிவு கும்பிட்டு வாசல்வரை போனாள். என்ன நினைத்தாளோ, நின்று திரும்பினாள்.

"மகாராசா, அளவு முடிஞ்ச மாசத்துல நாங்க வலையைச் சுருட்டிக்கிட்டுக் கரையில உட்கார்ந்துக்கிறோம். அன்னிக்கு அரண்மனையில என்ன குழம்புங்க?"