திருமேனியாரின் கிளி

முன்னொரு காலத்தில், வெயில்கூடக் கொஞ்சம் மரியாதையோடு அடித்த நாட்களில், ஒரு சோம்பேறி மன்னர் இருந்தார். சந்தைக்குப் போன அரசி திரும்பிவர நெடுநேரமானதால், அன்று அவருக்குப் பசி காதை அடைத்தது.

"கடை கடையாக ஏன் அலைய வேண்டும்? நல்ல சரக்கு எங்கே என்று வாசலிலேயே யாராவது சொல்லக் கூடாதா?" என்று சீறினார்.

கருவூலத் தலைவர் திருமேனியார் உடனே ஒரு பேசும் கிளியைச் சந்தை வாசலில் தொங்கவிட்டார். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

"கிளியே, நல்ல உப்பு எங்கே?"

"திருமேனி கடையிலே!"

எல்லாரும் அங்கே போனார்கள். போகப்போக மற்றக் கடைகளில் ஈ ஓட்டினார்கள். பிறகு ஈயும் திருமேனி கடைக்கே போய்விட்டது. போட்டிக்கு ஆளில்லை என்றதும் அவர் கடையில் விலை ஏறியது, புளியில் கொட்டை பெருகியது. இலவசக் கிளிக்கு ஊரே இப்படித்தான் கூலி கொடுத்தது.

புளி விற்கும் செங்கமலம் அரசவை விகடகவி வேம்பனிடம் புலம்பினாள். "வேம்பண்ணே, என் புளியை வாயில போட்டுப் பாத்துட்டு வேணாம்னா பரவாயில்ல. வாசல்லயே திருப்பி விட்டுடுறாங்களே! நாளைக்குக் கடையை மூடப் போறேன்."

வேம்பன் சபையில் முறையிட்டான்.

திருமேனியார் சிரித்தார். "அரசே, கிளி யார் கையையாவது பிடித்து இழுக்கிறதா? மக்கள் விரும்பி வருகிறார்கள். வேம்பனுக்குப் பொறாமை. அவன் இருக்கையைக் கிளிக்கே கொடுங்கள். அதற்குச் சோறும் குறைவு."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "வேம்பா, கிளியிடம் குறை இருந்தால் இன்றே காட்டு. ஆனால் அதற்கு எதிராக ஒரு சொல்லும் நீ சொல்லக் கூடாது. தவறினால் உன் இருக்கை கிளிக்கு!"

"உத்தரவு மன்னா. எதிர்க்கவே மாட்டேன், புகழ்கிறேன்," என்ற வேம்பன், கூண்டைச் சபைக்கு வரவழைத்து விழுந்து கும்பிட்டான்.

"ஞானக் கிளியே! உன்னிடம் போய் உப்பு, புளி கேட்கிறார்களே! நல்ல செங்கோல் எங்கே கிடைக்கும்?"

"திருமேனி கடையிலே!"

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த நாட்டுக்கு நல்ல மன்னர் எங்கே கிடைப்பார்?"

"திருமேனி கடையிலே! திருமேனி கடையிலே!"

"என்னையும் கொட்டையோடு எடைபோட்டு விற்கிறீரா?" என்று மன்னர் கர்ஜித்தார்.

திருமேனியாருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ அரசே! அதற்கு என்ன தெரியும்? யார் எதைக் கேட்டாலும் அதையே சொல்லும்படி நான்தான் பழக்கினேன்!"

வேம்பன் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

மன்னர் ஆணையிட்டார்: "இனிக் கிளி வைத்திருப்பவர் கடை வைக்கக் கூடாது, கடை வைத்திருப்பவர் கிளி வைக்கக் கூடாது!"

திருமேனியார் கடையைத்தான் வைத்துக்கொண்டார். கிளியை வேம்பன் கேட்டு வாங்கி, புதுப்பாடம் கற்பித்துப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டான். செங்கமலத்தின் கடையில் இப்போது ஈ ஓட்ட நேரமில்லை. எல்லாருக்கும் புளி நிறுக்கவே கை போதவில்லை.

ஒருநாள் சந்தைக்கு வந்த மன்னர் கிளியைச் சீண்டினார். "என் சபையிலேயே பெரிய புத்திசாலி யார், சொல்!"

வேம்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

கிளி கழுத்தைச் சாய்த்தது. "நாலு கடை ஏறி இறங்கிப் பார்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். கிளிக்கு ஒரு கொய்யாப்பழம். அதையும் நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்கினார்.